பம்பு கிளம்பாத நாள்

மைதானத்தில், காட்டுத்தீக்குத் தப்பி வந்த குதிரைகளும் நாய்களும் ஊர்க்காரர்களும் ஒரே நிழலுக்கு முண்டிக்கொண்டிருந்தபோது, ஆல்வின் இன்னும் வீட்டுத் தண்ணீர்ப் பம்பைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை தவறாம ஓட்டிப் பாத்தேன். இன்னிக்குப் பாத்துத்தான் அதுக்கு நோவு வந்துடுச்சாம்!"

அவர் மனைவி நோரீன் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார். பம்பின் இன்ஜினைக் கிளப்பும் நல்ல ஸ்பார்க் பிளக் அதற்குள் இருந்தது. காலையில் அதைக் கழற்றிவிட்டு, செத்துப்போன பழைய பிளக்கை மாட்டிவைத்தது நோரீன்தான்.

வேறு என்ன செய்வது? காட்டுத்தீ வந்தால் முன்கூட்டியே கிளம்பிவிட வேண்டும், இல்லையென்றால் இருந்து அணைக்க வேண்டும். ஆல்வின் இருந்து அணைக்கிற கட்சி. ஊர்த் தீயணைப்புக் கொட்டகையில் நடந்த கூட்டத்தில் எழுந்து நின்று அதைச் சொல்லியிருந்தார். மதுக்கடையிலும் சொல்லியிருந்தார். முன்கூட்டியே கிளம்புகிறவர்களுக்கு 'மூட்டைதூக்கிகள்' என்று பட்டப்பெயர் வேறு.

எழுபத்திரண்டு வயது. முட்டி வலி. கையில் ஒரு தண்ணீர்க் குழாய். நினைத்தாலே நோரீனுக்குத் தூக்கம் போய்விடும்.

அன்று நண்பகலில் வடக்குக் காற்று அனலாக அடித்து, புகை மேட்டைத் தாண்டியதும் ஆல்வின் பம்பின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிளக்கைக் கழற்றி, சட்டையில் துடைத்து, திரும்ப மாட்டினார். கிளம்பவில்லை. ஓர் உதை விட்டார். பம்பு இல்லாமல் எந்த மடையன் நிற்பான் என்று கத்திவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

மைதானத்தில் பக்கத்துப் பண்ணைக்காரர் ரஸ் இருவரையும் பார்த்துவிட்டார்.

"யாரு, நம்ம ஆல்வினா? என்னப்பா, மூட்டையைக் காணோம்?"

"பம்பு கவுத்துடுச்சுடா. இல்லேன்னா நான் வந்திருப்பேனா?"

சிரிப்பு அடங்குவதற்குள் தீயணைப்பு வண்டியிலிருந்து ஒரு பெண் கரி படிந்த முகத்தோடு இறங்கி வந்தார். ஆல்வினின் வீடு இருந்த மேட்டுச் சாலையில் ஒரு வீடும் மிஞ்சவில்லை என்றார்.

ரஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மெல்ல நகர்ந்தார்.

நோரீன் மடியிலிருந்த கைப்பையைப் பார்த்தார். பிள்ளைகள் பிறந்து வளர்ந்த வீடு. பம்பு ஓடியிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கும். இதை மறைத்துக்கொண்டு இந்த மனிதரோடு இனி எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது?

கைப்பையைத் திறந்து, பிளக்கை எடுத்துக் கணவரின் உள்ளங்கையில் வைத்தார்.

"நான்தான் மாத்திவெச்சேன், ஆல்வின்."

ஆல்வின் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து இன்னொரு பிளக்கை எடுத்தார். புத்தம் புதியது. உறைகூடப் பிரிக்கவில்லை.

"ஒண்ணு எப்பவும் கைவசம் வெச்சிருப்பேன்ல," என்றார், நோரீனின் முகத்தைப் பார்க்காமல். "ரஸ்கிட்ட மட்டும் சொல்லிடாத."