எண்ணிக்கை சரி

“ஷூ கடிக்குதுடி. நீ போ, கொஞ்சம் காலை ஆறவெச்சுட்டு வந்துடறேன்.”

சொல்லிவிட்டு, ‘தூங்கி’ என்று பட்டப்பெயர் வாங்கியிருந்தவள் பாறையில் சாய்ந்து உட்கார்ந்தாள். காலணிகளைக் கழற்றி, குதிகாலில் எழும்பியிருந்த கொப்புளத்தை ஊதிக்கொண்டாள்.

“புது ஷூதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னேல்ல, அனுபவி,” என்றாள் மைனா.

அவ்வளவுதான். மைனா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். திரும்பிப் பார்க்க அன்றைக்கு ஒரு காரணமும் இல்லை.

கடலுக்குள் தள்ளியிருந்த சிறிய பாறைத்தீவு அது. தண்ணீர் வடிந்திருக்கும்போது மட்டும் கரையிலிருந்து கல் பாவிய பாதை ஒன்று தெரியும். நாலு மணிக்கு மேல் அது மூழ்கிவிடும். படிப்புக்காக ஆறு வாரம் வெளிநாடு வந்திருந்த இருபத்திரண்டு பேருக்கும் காலையிலேயே அதைச் சொல்லியிருந்தார்கள். மேகம் மூடிய ஞாயிற்றுக்கிழமை. அவர்களைத் தவிர அங்கே யாரும் வந்திருக்கவில்லை.

பேருந்தில் ஏறினால், கல்லூரியிலிருந்து கூட வந்திருந்த சார் முன் இருக்கையில் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வார். பின்னாலிருந்து ஒவ்வொருவராக அவரவர் எண்ணைச் சொல்ல வேண்டும். அவர் தாளில் கோடு போடுவார். தலையைத் திருப்ப மாட்டார்.

மைனா பதின்மூன்று. தூங்கி பதினான்கு.

வாந்தி வராமலிருக்க மாத்திரை போட்டுக்கொண்டு, வண்டி கிளம்பும் முன்பே கடைசி இருக்கையில் சுருண்டுவிடுவாள் என்பதால்தான் அவளுக்கு அந்தப் பெயர். யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவாள் என்பதால் இவள் மைனா. பதின்மூன்றைத் தன் குரலிலும் பதினான்கைத் தூங்கியின் குரலிலும் சொல்வாள். ஊரில் வகுப்பறையில் வருகைப்பதிவின்போது அவளுக்காக மூன்று வருடமாகக் கொடுத்துப் பழகிய ப்ராக்ஸிதான்.

“இங்க எவளாவது ப்ராக்ஸி குடுத்தா, அடுத்த ஃப்ளைட்ல ஊருக்கு,” என்று வந்த அன்றே சார் சொல்லியிருந்தார். அதைச் சார் குரலிலேயே சொல்லிக் காட்டித் தூங்கியை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தவளும் மைனாதான்.

அன்று தீவிலிருந்து கரைக்குத் திரும்பியதும் மைனா கழிப்பறைக்குப் போய்விட்டு, தேநீர் வாங்கிக் குடித்துவிட்டு, கடைசி ஆளாக ஏறினாள். பின் இருக்கையில் நீல ஜாக்கெட் குவிந்து கிடந்தது. படுத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

“பதிமூணு.”

“பதினாலு.” கொஞ்சம் தூக்கம் கலந்து.

“எண்ணிக்கை சரி,” என்றார் சார்.

அடுத்து ஓர் அருங்காட்சியகம். முக்கால் மணி நேரப் பயணம். வாசலில் எல்லாருக்கும் நுழைவுச்சீட்டைக் கொடுத்து முடித்தபோது சாரின் கையில் ஒன்று மிஞ்சியது.

மைனா பேருந்துக்கு ஓடினாள். ஜாக்கெட்டைத் தூக்கினாள். அதற்கடியில் பை இருந்தது. அழைத்துப் பார்த்தபோது கைப்பேசி ஜாக்கெட் பைக்குள்ளேயே ஒலித்தது.

“பஸ்ல சொன்னாளே. என் காதால கேட்டேனே. இங்கதான் எங்கயாவது இருப்பா,” என்றார் சார்.

தோட்டத்தில் தேடினார்கள். கடைகளில் தேடினார்கள். கழிப்பறைக் கதவுகளைத் தட்டினார்கள். மைனாவும் தட்டினாள். ஒவ்வொரு கதவிலும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், அவள் உள்ளே இல்லை என்று தெரிந்தே. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லாமல் அடுத்த கதவுக்குப் போனாள்.

இருபது நிமிடம் கழித்து ஓட்டுநருக்குத்தான் நினைவு வந்தது. தீவுக் கரையில் எண்ணி முடித்த பிறகு அவர் கண்ணாடியைத் துடைக்க இறங்கியிருக்கிறார். ஐந்து நிமிடம் கதவு திறந்தே கிடந்திருக்கிறது. அப்போது தூங்கி இறங்கித் தீவுக்கே திரும்பிப் போயிருக்கலாம்.

எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மைனாவும்.

வண்டி திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது பாதை இல்லை. அது இருந்த இடத்தில் சாம்பல் நிறத் தண்ணீர் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மீட்புப் படகு போய்ப் பார்த்தபோது, பாறை மேல் காலணிகள் இரண்டும் ஜோடியாக, ஈரம் படாமல் இருந்தன. கண் அயர்ந்திருக்கிறாள், விழித்ததும் பதறி இறங்கியிருக்கிறாள் என்றார் மீட்புப் படகுக்காரர். ஒரு கால் மணி முன்னால் என்றால் முழங்கால் ஆழம்தான், ஆள் போய் அழைத்து வந்திருக்கலாம் என்றும் சொன்னார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னார்.

மறுநாள் காலை கிடைத்தாள்.

விசாரணையில் இருபத்தொரு பேரையும் கேட்டார்கள். மைனாவின் முறை வந்தது. பேருந்தில் தூங்கியின் குரல் கேட்டதா என்றார்கள்.

கேட்டது என்றாள்.

நாலு வருடமாகிறது. தூங்கியின் அம்மா இன்னும் மைனாவை வீட்டுக்கு வரச்சொல்வார். வந்தால் சாப்பிடாமல் விடமாட்டார். தட்டு காலியாவதற்குள் இன்னொரு கரண்டி போடுவார். அன்றைக்கும் அப்படித்தான், போட்டுக்கொண்டே, நேற்று நடந்ததைப் போலக் கேட்டார்.

“வாசல்ல செருப்பு எடுக்கப் போனாக்கூட, ‘அம்மா, தோ வந்துடறேன்’னு குரல் குடுத்துட்டுப் போற பொண்ணு அவ. சொல்லாம கொள்ளாம இறங்குவாளா? நீ கூடவே இருந்தவ, நீ சொல்லும்மா.”

மைனா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“ஏதோ அவசரம்மா. மறந்திருப்பா.”

அம்மா கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டார். “அப்ப அவ மேலதான் தப்பு,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மோர் எடுத்து வர உள்ளே போனார்.

அந்த நாட்டு அரசாங்கம் அனுப்பிய விசாரணை அறிக்கை அம்மாவின் அலமாரியில், துணிகளுக்கு அடியில் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் ஒரே வரி: எண்ணிக்கை முடிந்த பின், மாணவி யாரிடமும் சொல்லாமல் தானாகவே இறங்கிச் சென்றுவிட்டார்.