எண்ணெய் படாத தலை

இதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தால், திருத்தணி மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படியையும் முட்டி போட்டே ஏறுகிறேன். சத்தியம். அத்தனையும் நடந்தது.

மலையடிவாரத்தில் ஒரு தொடக்கப்பள்ளி. காலை ஒன்பது மணி. நாலாம் வகுப்பு வாசலில் துர்கா வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் அனுராதா டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது.

வழவழவென்று மொட்டை. மேலே சந்தனம்.

"என்னடி இது?"

"மொட்டை டீச்சர்."

"அது தெரியுது. இன்னிக்கு என்ன நாள்?"

"ஆபீசர் வர நாள் டீச்சர்."

பதினோரு மணிக்கு வட்டாரக் கல்வி அலுவலர் வருகிறார். துர்கா செய்துகாட்டும் சோதனை அவருக்குப் பிடித்துப்போனால், அவள் திருவள்ளூருக்கு, மாவட்ட அறிவியல் கண்காட்சிக்குப் போகலாம். இந்தப் பள்ளியிலிருந்து இதுவரை ஒரு பிள்ளையும் போனதில்லை.

சோதனை பெரிய கம்பசூத்திரமில்லை. பிளாஸ்டிக் ஸ்கேலைத் தலைமுடியில் பரபரவென்று தேய்த்துக் காகிதத் துணுக்குகளின் மேல் பிடித்தால், அவை துள்ளி வந்து ஒட்டும். போன வாரம் வகுப்பில் ஒரு தலை விடாமல் தேய்த்துப் பார்த்தாயிற்று. எல்லாம் எண்ணெய் வழியும் தலைகள்; ஒன்றும் ஒட்டவில்லை. எண்ணெயே காணாத துர்காவின் பரட்டையில்தான் ஒட்டியது.

"ஒட்டிச்சின்னா மொட்டை போடறேன்னு முருகருக்கு வேண்டிக்கினேன் டீச்சர். வெள்ளிக்கிழமை ஒட்டிடுச்சி. நேத்து கிருத்திகை. எங்க நைனாதான் மலைக்குக் கூட்டிகினு போனாரு."

"ஒட்டினது முருகரால இல்லடி, உன் முடியால."

"ஆங், அந்த முடியதான் டீச்சர் குடுத்துட்டேன்."



"இனிமே அவ தலையில தேய்ச்சா நெருப்புதான் டீச்சர் வரும்" என்றான் நவீன்குமார். வகுப்பு சிரித்தது. துர்காவுக்கு உதடு பிதுங்கியது.

ஆபீசர் வருகிறார் என்று அன்றைக்கு அம்மாக்கள் எல்லாரும் இன்னும் ஒரு கை எண்ணெய் சேர்த்து வாரி அனுப்பியிருந்தார்கள். டீச்சர் பின்னலிலேயே அரை பாட்டில் தேங்காய் எண்ணெய்.

எண்ணெய் படாத தலை பள்ளியில் இன்னும் ஒன்றே ஒன்று இருந்தது. தலைமையாசிரியர் வீரபத்திரனுடையது. ஐம்பத்தேழு வயதில் காக்காய்க் கருப்பு. எண்ணெய் வைத்தால் சாயம் போய்விடுமே என்று பயப்படுகிறார் என்பது ஆசிரியைகள் பேச்சு. சார் தலையில் பந்து பட்டால் டி.சி. என்பது பிள்ளைகள் பேச்சு.

அனுராதா அவர் அறைக்குப் போனார்.

"சார், ரெண்டே நிமிஷம். துர்கா ஸ்கேலை லேசா உங்க முடியில..."

"என் தலையில கை வெக்கிற வேலை மட்டும் வேணாம் டீச்சர்."

"அந்தப் பொண்ணு அழுதுட்டிருக்கு சார்."

"காந்தம் எதனா காட்டுங்க." சொல்லிக்கொண்டே ஒரு கையால் வகிட்டைச் சரிசெய்துகொண்டார்.

ஒரு பிள்ளையைவிட இவருக்கு டை பெரிசாகப் போயிற்றா? அனுராதா வகுப்புக்குத் திரும்பி வந்தார்.

அலுவலர் விஜயராகவன் வந்தார். துர்கா மோனிகாவின் பின்னலில் தேய்த்தாள். ஸ்கேல் வழுக்கியது. நவீன்குமார் தலையில் தேய்த்தாள். ஸ்கேலில் விளக்கேற்றலாம் போல எண்ணெய். காகிதம் அசையவில்லை.

"சரிம்மா, அடுத்த ஸ்கூலுக்கு நேரமாச்சு." அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் சத்துணவு ஆயா கோமளவல்லி ஒரு தட்டோடு உள்ளே வந்தார். தட்டின் மேல் துண்டு போர்த்தியிருந்தது.

"ஐயா குடுத்தனுப்பினாரு. இத்த நல்லா தேய்க்கலாமாம். திருப்பித் தர வேணாம்னாரு."

அனுராதா துண்டை எடுத்தார்.

தட்டில், வகிடு கலையாமல், தொப்பி போல முழுசாக, காக்காய்க் கருப்பு.

"ஐயோ, சார் தலை!" என்று அலறினான் நவீன்குமார்.

அனுராதா தட்டை வாங்கி மேசை மேல் வைத்தார். துர்கா தயங்கவில்லை. ஸ்கேலை வைத்துப் பரபரவென்று தேய்த்தாள். நீட்டினாள். மழை ஈசல் போலத் துணுக்குகள் எழும்பி வந்து ஒட்டின. அலுவலர் எழுந்து வந்து, ஸ்கேலைக் கேட்டு வாங்கி, தானே ஒருமுறை செய்து பார்த்தார். பிறகு நோட்டில் துர்கா பெயரை எழுதினார்.

வாசலில் யாரோ செருமினார்கள்.

வீரபத்திரன் நின்றிருந்தார். துர்காவைப் போலவே வழவழவென்று. அறையிலிருக்கும் முருகர் படத்துச் சந்தனத்தை அவசரமாக அள்ளி அப்பியிருந்தார், காதோரம் வழிந்துகொண்டிருந்தது.

"எப்ப சார் மொட்டை போட்டீங்க?" என்று கேட்டான் நவீன்குமார்.

"இப்பதான்டா. பேப்பர் ஒட்டணும்னு நானும் வேண்டிக்கினேன்." துர்கா பக்கத்தில் போய் நின்றார். "ஒட்டிச்சி இல்ல?"

"ஆங், ஒட்டிச்சி சார்."

துர்கா அவர் தலையை அண்ணாந்து பார்த்தாள். பாவமாக இருந்தது அவளுக்கு. "கவலைப்படாதீங்க சார். ரெண்டு மாசத்துல முளைச்சிடும்."

"முளைச்சிடும்மா" என்றார் வீரபத்திரன்.

துர்கா திருவள்ளூர் போய்வந்து வருஷம் ஒன்றாகிறது. இப்போது ரெட்டைப் பின்னல் போடுகிறாள். சாருக்கு ஏன் இன்னும் முளைக்கவில்லை என்று பிள்ளைகள் கேட்டால், கிருத்திகைக்குக் கிருத்திகை புது வேண்டுதல் என்கிறார். அதுகளும் நம்புகின்றன. நம்பாமல் என்ன? மாதம் தவறாமல் சந்தனம் அரைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்து அவர் மேசை மேல் வைப்பது அனுராதா டீச்சராயிற்றே.

ஆகையால் ஐயா, அம்மா, இதை அந்தப் பிள்ளைகள் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.