வளையல்கள் விழித்திருந்த வரி

அவள் அந்த வரியின் மேல் விரல் வைத்தாள்.

‘அம்மா தூங்கிய பிறகும் அவள் வளையல்கள் கொஞ்ச நேரம் விழித்திருந்தன.’

கதை தணிகாசலத்தினுடையது.

வரி அவளுடையது.

பிரதி எடுக்கும்போது நுழைந்திருக்க வேண்டும். அன்று ஜன்னலில் வேப்பம்பூ வாசனை. கை எழுதிக்கொண்டே இருந்தது. எழுதியது தான்தானா என்றுகூட அவளுக்கு நிச்சயமில்லை.

‘வெயில்தாள்’, மாலை வகுப்பு மாணவர்களின் கையெழுத்து இதழ். ஆண்டுக்கு ஒன்று. ஒரே பிரதி. எல்லோருடைய படைப்புகளையும் ஒருவரே பார்த்து எழுதுவார். ஒரு சொல்லை மாற்றினாலும் அடுத்த ஆண்டு அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

அவள் கொடுத்த கதைகள் எதுவும் இதழில் வந்ததில்லை. அங்கே அவளுக்கு இருந்தது, இந்த ஆண்டு முதன்முதலாகக் கிடைத்த அந்த வேலை ஒன்றுதான்.

பின்பக்கத்தில் வாசகர்கள் ஏழு பேர் குறிப்பு எழுதியிருந்தார்கள். ஐந்து பேர் அந்த வரியைப் பாராட்டியிருந்தார்கள்.

மறுபடி எண்ணினாள். ஐந்துதான்.

தணிகாசலம் பணிமனைச் சட்டையோடு உள்ளே வந்தார்.

“என்னம்மா, அந்த வளையல் வரியத் தலைல வச்சு ஆடுறாங்க. எப்ப எழுதினேன்னு எனக்கே தெரியல. என் தாளக் கொஞ்சம் எடு, பாப்போம்.”

இப்போதே சொல்லிவிடலாம்.

அவள் பீரோவைத் திறந்தாள். ஆண்டுவாரியாகக் கட்டிவைத்த மூலப்பிரதிகள். இருபத்து மூன்றாம் கட்டிலிருந்து அவருடைய தாள்களை உருவிக் கொடுத்தாள்.

படித்தார். திரும்பவும் படித்தார். நிமிரவில்லை.

“பேனா இருக்கா?”

கொடுத்தாள்.

இரண்டு வரிகளுக்கு நடுவே, பொடி எழுத்தில், மெதுவாக அந்த வரியை எழுதினார். ஊதிக் காயவைத்தார்.

“இருக்குதேம்மா. நாந்தான் மறந்துட்டேன்.”

சிரித்துவிட்டு வகுப்புக்குப் போனார்.

அவளுக்கு நன்றி சொல்லத் தோன்றியது. அழவும் தோன்றியது.

தாள்களைத் திரும்பக் கட்டுக்குள் வைத்தாள். ஏனோ அதற்கு முந்தைய கட்டையும் பிரித்தாள்.

ஒரு கவிதையின் நடுவே, வேறு மையில், நெருக்கி எழுதிய ஒரு வரி.

இருபத்தொன்றாம் கட்டு. அதிலும் ஒன்று.

இருபது. பத்தொன்பது.

முதல் கட்டுவரை போனாள். ஒவ்வொன்றிலும் ஒரு வரி இருந்தது.

ஒரு வெள்ளைத்தாள் எடுத்து அந்த வரிகளை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும், அந்த ஆண்டு பிரதி எடுத்தவரின் பெயருக்கு இடம் விட்டாள்.

கடைசியாக வளையல் வரி. அதன் பக்கத்தில் பேனா நின்றது.

முனையிலிருந்து மை ஒரு புள்ளியாகப் பரவிக்கொண்டிருந்தது.