அடுத்த பாட்டுக்கு அனுமதி

"இன்னைக்கும் தரலையா?"

எஸ்றா ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் மனைவி விஜிலா கேட்டுவிட்டாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"ரெண்டு நாள் கழிச்சு வரச் சொல்லுதாரு."

"போன வாரமும் இதையேதான சொன்னாரு?"

"சொன்னாரு."

"நீங்களும் மண்டையை ஆட்டிட்டு வந்துட்டீங்க!"

விஜிலாவுக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை. மில்லர்புரத்து வீட்டில், கன்டெய்னர் லாரிச் சத்தம் உள்ளே வராதபடி ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக்கொடுத்து, ஃபேனை நிறுத்தி, வேர்க்க விறுவிறுக்கப் பாடி வளர்த்த சேனல் அது. ஆரம்பத்தில் 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்கிற கதையாகப் பிடித்த சினிமாப் பாட்டையெல்லாம் பாடிப் போட்டார்கள். பாட்டுக்குச் சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? காப்புரிமைப் புகார் அடுத்தடுத்து இரண்டு வந்தது. இன்னொன்று வந்தால் சேனலையே மூடிவிடுவோம் என்று எச்சரிக்கையும் வந்தது. பாடியது அத்தனையும் போய்விடும்.

அன்றிலிருந்து விஜிலா சூடு கண்ட பூனை. அனுமதி இல்லாமல் வாயைத் திறப்பதில்லை.

அந்த நேரத்தில்தான் எஸ்றா ஒரு பழைய கேசட்டோடு வந்தான். கடலையும் உப்பளத்தையும் பற்றிய பாட்டுகள். எழுதி மெட்டுப் போட்டவர் ஆறுமுகநயினார். யாரென்று விசாரித்தால், அடுத்த தெருவில் பெயின்ட் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி! வாலிப வயதில் ஆசையாக வெளியிட்டு, கேட்க ஆளில்லாமல் போய், அதோடு பாட்டுக்கே கும்பிடு போட்டவர்.

அந்தப் பாட்டுகளை விஜிலா பாடப் பாட, சேனல் பிய்த்துக்கொண்டு போனது. கேசட்டிலிருந்து ஒவ்வொரு பாட்டாக செல்போனுக்கு மாற்றித் தருவதும், அதற்கு அனுமதி வாங்குவதும் எஸ்றாவின் பொறுப்பு. கல்யாணத்துக்கு அழைக்கப் போகிறவன் மாதிரி சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் கடைக்கே நேரில் போய்க் கேட்பான்.

"மொத்தமா ஒரு தடவை எழுதி வாங்கிட்டா என்ன?" என்று விஜிலா கேட்டால், "பாட்டுக் கட்டுன மனுசன். நேர்ல போய்க் கேக்கதுதான் மரியாதை" என்பான்.

இப்போது அந்த மனுசன்தான் இழுத்தடிக்கிறார். 'அண்ணாச்சியின் அடுத்த பாட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை' என்று இவள் சேனலில் சொல்லி, அந்த ஞாயிற்றுக்கிழமையும் போய்விட்டது. 'எங்கேக்கா பாட்டு?' என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். அனுமதி கிடைக்கட்டும் என்று எஸ்றா பாட்டை அவளுக்குக் கேட்கக்கூடத் தரவில்லை.

அவன் துறைமுகத்துக்கு ஷிப்டு கிளம்பிப் போனதும் விஜிலா செருப்பை மாட்டினாள்.

பெயின்ட் கடையில் கூட்டம். வள்ளத்துக்கு அடிக்க நீலப் பெயின்ட் கேட்டு இரண்டு பேர் நின்றார்கள். கல்லாவில் அண்ணாச்சியின் மனைவி முருகேஸ்வரி. விஜிலாவைக் கண்டதும் அண்ணாச்சி திருதிருவென்று விழித்தார்.

"தங்கச்சி, ரெண்டு நாளு பொறுத்து..."

"ஒரு பாட்டுக்கு எதுக்கு அண்ணாச்சி இத்தனை பிகு? உங்க பேரைப் போட்டுத்தான பாடுதேன்? எல்லாப் பாட்டுக்கும் சேத்து ஒரு கையெழுத்துப் போட்டுத் தந்தா கொறைஞ்சா போயிருவீங்க?"

நீலப் பெயின்ட்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை.

"அதான் மொத நாளே எல்லாப் பாட்டுக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேனே, தங்கச்சி!"

விஜிலா கல்லாப் பக்கம் திரும்பினாள்.

"அப்போ... இவுக எதுக்கு ஒவ்வொரு தடவையும் வந்து கேக்காக?"

முருகேஸ்வரி சிரித்தாள். "நானும் இதையேதான் கேட்டேன். 'இருந்தாலும் கேக்கணும்லாக்கா'ன்னாரு தம்பி. கடையில கூட்டம் நிக்கிற நேரமாப் பாத்து வருவாரு. 'அண்ணாச்சி, உங்க பாட்டு ஒண்ணு பாடணும், அனுமதி தரணும்'னு எல்லாருக்கும் கேக்குத மாதிரி சத்தமாச் சொல்லுவாரு. அன்னைக்குப் பூரா உங்க அண்ணாச்சிக்குக் கால் தரையில நிக்காது. இத்தனை வருசத்துல இவுக பாட்டை மதிச்சு எவன் வந்தான்? 'அந்தக் கருமத்தை விட்டுத் தொலைங்க'ன்னு சொன்னவளே நான்தான்."

இப்பேர்ப்பட்ட மனுசனையா, மண்டையை ஆட்டிட்டு வந்துட்டீங்கன்னு ஏசினோம்! புருசனை நினைத்து இவ்வளவு பெருமை விஜிலாவுக்கு என்றைக்கும் வந்ததில்லை.

இருந்தாலும், வந்த காரியம் அப்படியே நிற்கிறதே.

"அப்போ இந்தப் பாட்டுக்கு மட்டும் ஏன் அண்ணாச்சி இழுத்தடிக்கீங்க?"

அண்ணாச்சி கூச்சத்தோடு மனைவியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"கேசட்டுல இருந்த பாட்டெல்லாம் போன மாசமே தீந்துட்டு, தங்கச்சி. அது நல்லாத் தெரிஞ்சும் உங்க வீட்டுக்காரரு வந்து, 'அண்ணாச்சி, அடுத்த பாட்டுக்கு அனுமதி குடுங்க'ன்னு நின்னுட்டாரு. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. முக்கால்வாசி கட்டிட்டேன்... இன்னும் ஒரு சரணந்தான் பாக்கி!"