சுவரோரம் வந்த மனிதர்

"உந்த மனுசன் திரும்பவும் எங்கட வளவுக்குள்ள நிக்கிறார்."

திரைச்சீலையை விலக்கிப் பார்த்தபடி சிவானி சொன்னாள்.

கேதீஸ் எழும்பவில்லை. ஃபயர்பிளேசுக்கு முன்னால் விரித்த கம்பளத்தில் மல்லாந்து கிடந்தான். அவன் வயிற்றில் தலைவைத்து, கண்ணாடிக்குப் பின்னால் ஆடும் நெருப்பைப் பார்த்துக்கொண்டு பாதி நித்திரையில் இருந்தாள் மகள் அட்சயா.

"ஆர்?"

"பக்கத்து வீட்டு அதாஉல்லா அங்கிள். சவளும் கையுமா."

"ஸ்னோ தள்ளுறார் போல."

"தன்ர வாசலில தள்ளட்டுமன். எங்கட சுவரோரம் என்ன வேலை? ஸ்னோ கொட்டின நாளெல்லாம் அவற்ற காலடித் தடம் எங்கட சுவர் வரைக்கும் வந்து திரும்பிப் போகுது. யன்னலால உள்ளுக்குப் பாக்கிறாரோ தெரியாது."

"ரிட்டயர் ஆன மனுசன். பொழுது போகேல்லையாக்கும்."

"பொழுது போகேல்லையெண்டா மோலுக்குப் போகட்டும்!"

மல்வேர்னில் இந்த வீட்டை வாங்கிய பிறகு அவர்களுக்கு இது முதல் குளிர்காலம். டோர்செட் பார்க்கில் மாடிக்கட்டடத்தில் இருந்தவர்களுக்கு, வீட்டுக்குள்ளேயே ஒரு காஸ் நெருப்பு என்பது இன்னும் நம்பமுடியாத விசயம்.

மூட்டுவது கேதீசின் வேலை. கீழ்மூடியைத் திறந்து, குமிழை அமத்திப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பட்டனைத் தட்டுவான். டிக், டிக். நீலமாய் ஒரு சின்னச் சுடர் முளைக்கும். கொஞ்சநேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டுக் குமிழைத் திருப்பினால், பொய்க் கட்டைகள் முழுக்க நெருப்பு பூத்துவிடும். அட்சயா கைதட்டுவாள். கண்ணாடி சுடும் என்று அவளுக்காக முன்னால் ஒரு கம்பி வேலிகூட வைத்திருந்தார்கள்.

பிறகு பேச்சே இருக்காது. வெளியே சத்தமில்லாமல் ஸ்னோ. உள்ளே மஞ்சள் வெளிச்சம் சுவரில் ஏறி இறங்கும். விழித்திருக்கிறோமா, கனவு காண்கிறோமா என்று தெரியாமல் கண் செருகும்.

அந்தச் சுகத்தைத்தான் பக்கத்து வீட்டு மனிதர் கெடுத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை விடியத் தொடங்கிய புயல் மத்தியானமாகியும் ஓயவில்லை. ரோட்டும் காரும் மரமும் ஒரே வெள்ளை. அப்பாவும் மகளும் நெருப்புக்கு முன்னால் அயர்ந்துவிட்டார்கள். சிவானிக்கும் கண் சொக்கியது. எங்கேயோ தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவதுபோல ஒரு கனவு.

டொக். டொக்.

கனவில்லை. சுவரில்தான் இடிக்கிறது.

சிவானிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த ஒடுங்கிய பாதையில் காற்று ஸ்னோவை மலையாகக் குவித்திருந்தது. அதற்குள் இடுப்பளவு புதைந்து நின்று, சவளை எறிந்துவிட்டு, கைகளால் தோண்டிக்கொண்டிருந்தார் அதாஉல்லா.

"அங்கிள்! இது எங்கட வளவு. இனி இஞ்ச கண்டனெண்டா பொலிசுக்கு ஃபோன் அடிப்பன்!"

அவர் திரும்பினார். தாடியெல்லாம் ஸ்னோ. பேச மூச்சு வரவில்லை. கையை நீட்டிச் சுவரைக் காட்டினார்.

சுவரில் பதித்த ஒரு தகரப் பெட்டி அப்போதுதான் பாதி வெளியே தெரிந்தது. அதன் வாயிலிருந்து மெல்லிய வெள்ளை ஆவி வரத் தொடங்கியது.

"உங்கட நெருப்பிட புகை வெளிய போற வழி, மகள். இதை ஸ்னோ மூடினா புகை வீட்டுக்குள்ள திரும்பிரும். அதில இருக்கிற நச்சுக் காத்துக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரை மாதிரித்தான் வரும்."

நித்திரை.

சிவானி ஓடினாள்.

"அட்சயா! அட்சயா!"

பிள்ளை அசையவில்லை. குமிழைத் திருப்பி நெருப்பை நிறுத்தினாள். மகளை அள்ளி எடுத்து, கேதீசைக் காலால் உதைத்து எழுப்பி, வாசலுக்கு வந்தபோது குளிர்காற்று முகத்தில் அறைந்தது. அட்சயா சிணுங்கிக் கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, நான் கனவு கண்டுகொண்டிருந்தன்..."

சிவானி அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அதாஉல்லா வாசலுக்கு வந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ். இண்டைக்கு என்ர கதவையே ஸ்னோ அடைச்சிட்டு. அதுதான் பிந்திப்போச்சு. நச்சுக் காத்துக்கு அடிக்கிற அலாரம் பூட்டி இருக்கிறீங்களோ, தம்பி?"

"பெயின்ற் அடிக்கேக்க கழட்டினது, அங்கிள்..." என்றான் கேதீஸ்.

"புதுசா வாங்கிப் பூட்டுங்க. ஆளைக் கூப்பிட்டு எல்லாத்தையும் பாத்த பிறகு நெருப்பை மூட்டுங்க. என்ர கிச்சின் யன்னலால உங்கட சுவர் தெரியும். வீட்டுக்குள்ள நெருப்பு வெளிச்சம் இருந்து, வெளிய ஆவியைக் காணேல்லையெண்டா எனக்கு இருப்புக் கொள்ளாது. சவளைத் தூக்கிட்டு வந்திருவன்."

"ஒரு வார்த்தை எங்களிட்டச் சொல்லியிருக்கலாமே, அங்கிள்?"

"முதல் ஸ்னோ கொட்டின அண்டே சொல்லத்தான் வந்தன், தம்பி. கனநேரம் பெல் அடிச்சன். வீட்டில ஒருத்தரும் இல்லைப் போல."

கேதீஸ் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அன்றைக்கு அவன் வேலையில் இருந்தான்.

வாசல் கமராவில் அந்தத் தாடி முகத்தைக் கண்டதும், மகளின் வாயில் விரல்வைத்து, லைற்றை நிறுத்திவிட்டு, மூச்சுக் காட்டாமல் நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் சிவானிதான்.