வால்பாறை வரன்

சுபத்ராவுக்கு வந்த வரன் வால்பாறைக்காரர்.

“அவ்வளவு தூரத்து ஊர்ல நமக்கு யாரைத் தெரியும், விசாரிக்க?” என்று சுபத்ரா கையைப் பிசைந்தாள்.

“அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்” என்ற வைதேகி, அபிராமபுரத்து வீட்டில் உட்கார்ந்தபடியே லேப்டாப்பில் துருவ ஆரம்பித்தாள்.

“வில்லங்கம் போட்டுப் பார்த்துட்டேன், வீடு மாப்பிள்ளை பேர்லதான் இருக்கு. கோர்ட்டு கேஸும் கிடையாது.”

சுபத்ராவின் முகம் மலர்ந்தது.

வாக்காளர் பட்டியலைத் திறந்ததும் வைதேகி கொதித்தாள். “அறுபதுன்னு சொன்ன மனுஷனுக்கு அறுபத்து மூணு! இந்த வயசுல என்ன பொய் வேண்டியிருக்கு? இந்தச் சம்பந்தமே வேண்டாம்!”

சுபத்ரா பதறிப்போய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கத்தாதேடி! அவராவது மூணுதான் குறைச்சார், நான் அஞ்சு குறைச்சிருக்கேன். அவர் நம்ம ஏரியா லிஸ்ட்டைப் பார்க்கறதுக்குள்ள முகூர்த்தத்தைக் குறி!”