மாப்பிள்ளைக்கென்று ஒரு பூட்டு

புதுக் கழிப்பறைக் கதவில் தொங்கிய பூட்டுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. திருடன் எவனும் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டு மருமகள் பூங்கோதைதான் நிறைமாத வயிற்றோடு, மழையில் நனைந்தபடி கருவேலங்காட்டுக்குப் போய்வந்தாள்.

“அண்ணே, யாருக்காக இந்தக் காவல்?” என்று உள்ளேயிருந்த வாளியிடம் பூட்டு கேட்டது.

“டவுன் மாப்பிள்ளைக்குடா. அவர் வர்ற வரைக்கும் நான் நனையவே கூடாதாம்!”

தீபாவளிக்கு மாப்பிள்ளை வந்தார். மாமியார் பெருமையாகத் திறந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தவர் பின்வாங்கினார்.

“பூஜை ரூம் மாதிரி இருக்கு அத்தை! இதுல போய் எப்படி...?”

வாளியை எடுத்துக்கொண்டு அவரும் கருவேலங்காட்டுக்கு நடந்தார்.

பூங்கோதை கதவருகே வருவதைப் பார்த்ததும் மாமியார் அவசரமாகப் பூட்டினாள்.

“அண்ணே, இப்ப யாருக்காக?” என்று பூட்டு கத்தியது. பதில் சொல்ல உள்ளே வாளிகூட இல்லை.